உங்களுக்காகத்தான் காத்திருந்தோம்

“உங்களுக்காகத்தான் காத்திருந்தோம் அம்மா” என்று அந்தப் பையன் சொன்னபோது அவன் முகத்தில் கேலி துளியும் இல்லை. பாறையில் சாய்ந்து உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தான். நான் மூச்சிரைக்க வந்து பையை இறக்கியதும் ஒரு சுளையை நீட்டினான். நல்ல பையன். சுளையை வாயில் போட்டேன். அதைக் கடித்து விழுங்குவதற்குள் சுற்றிலும் பைகளின் வார்கள் இழுபடும் சத்தம். பதினெட்டுப் பேரும் எழுந்துவிட்டார்கள். “எல்லோரும் வந்தாயிற்றா? கிளம்பலாம்” என்றார் எங்கள் மலைநடைக் குழுவில் நாங்கள் கேப்டன் என்று அழைப்பவர். இறக்கிய பையை மறுபடி தோளில் ஏற்றினேன். தண்ணீர் பாட்டிலின் மூடியைக்கூட நான் திறந்திருக்கவில்லை.

அன்று காலை அது மூன்றாவது முறை. நான்காவது முறையும் நடந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. கால்வலி மூன்றாம் நாளே போய்விட்டது, அந்த வாக்கியம் போகவில்லை. காய்கறி நறுக்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, திடீரென்று எழுந்து வந்து நிற்கிறது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல். அவர்கள் காத்திருந்தது உண்மை, எனக்காகக் காத்திருந்ததும் உண்மை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலில் வந்தவர்களுக்கு இருபது நிமிடம் ஓய்வு. நடுவில் வந்தவர்களுக்குப் பத்து நிமிடம். கடைசியில் வந்த எனக்கு ஒரு சுளை ஆரஞ்சு தின்னும் நேரம். குழுவிலேயே அதிகம் களைத்தவர் யாரோ அவருக்குத்தான் மிகக் குறைந்த ஓய்வு. இதை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. சேர்ந்து நடக்கும் எந்தக் கூட்டத்திலும் இது தானாகவே நடக்கிறது.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் தொடங்கி, வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாகப் பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரை அருவிக்கு இறங்கும் பாதை. மதுரையிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பிய வேன், ஏழு மணிவாக்கில் எங்களை மேலே இறக்கிவிட்டு, காட்ரோடு வழியாக மலையைச் சுற்றிக்கொண்டு கும்பக்கரைக்குப் போய்விடும். நாங்கள் கால்நடையாக இறங்கி அதைப் பிடிக்க வேண்டும். “இறக்கம்தானே அக்கா, உங்களுக்கு எளிதாக இருக்கும்” என்று கேப்டன் தொலைபேசியில் சொல்லியிருந்தார். 1500 மீட்டருக்குக் குறையாத இறக்கம். முட்டி ஐம்பத்திரண்டு வயதான ஒருத்தியிடம் சொல்லக்கூடாத பொய்களில் இது முதலாவது. ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும், நின்றால் திரும்பி வந்துவிடும். இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் உடம்பின் கனம் முழுவதும் முட்டியில் வந்து இறங்குகிறது. நின்றால் கால் நடுங்குகிறது.

எங்கள் குழுவில் ஒரு பொறியாளர் உண்டு. எதற்கும் ஒரு சூத்திரம் வைத்திருப்பார். மலைநடைக்கு எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட 1892-இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதியை வேனிலேயே எங்களுக்கு விளக்கினார். மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இறக்கத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன். அந்த விதியில் இறக்கத்துக்குத் தனியாக எதுவும் இல்லை என்றார். பின்னால் வந்தவர்கள்தான் திருத்தினார்களாம். நைஸ்மித்துக்கு முட்டி நன்றாக இருந்திருக்கும்.

மெதுவாக நடப்பவர்களுக்குத்தான் இயற்கை அதிகம் கண்ணில் படும் என்று ஆறுதல் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி எழுதியதை நானே பலமுறை படித்துத் தலையாட்டியிருக்கிறேன். பொய். அன்று முற்பகல் முழுவதும் நான் பார்த்தது என் கால் கட்டைவிரலையும் அடுத்த கல்லையும்தான். டால்பின் மூக்குப் பாறையில் பள்ளத்தாக்கை மூடியிருந்த மேகம் விலகி, கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி தெரிந்த இரண்டு நிமிடங்களை முன்னால் போனவர்கள் பார்த்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மேகம் மறுபடி மூடியிருந்தது, குழுப்படமும் எடுத்து முடித்திருந்தார்கள். சோலை ஓரத்தில் பழனிச் சிரிப்பான் கூட்டமாக வந்து பத்து நிமிடம் கத்திவிட்டுப் போனதாம். ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார் பெயரை அறிவியல் பெயரில் சுமந்துகொண்டிருக்கும் குருவி அது. இந்த மலைத்தொடரை ஒட்டிய பகுதிகளை விட்டால் வேறெங்கும் கிடையாது. எனக்கு அதைப் பொறியாளரின் கேமராத் திரையில் காட்டினார்கள். வெள்ளைப் புருவமும் சாம்பல் மார்புமாக, கட்டைவிரல் நகம் அளவில். நான் கேட்டதெல்லாம் மலபார் சீகாரப் பூங்குருவி ஒன்றின் சீழ்க்கையைத்தான். பள்ளிக்கு மட்டம் போட்ட பையன் ஒருவன் ஓடைக்கரையில் படுத்துக்கொண்டு ராகம் தேடுவதைப் போல இருந்தது. அதுகூட என்னைக் கடந்து முன்னால் போய்விட்டது.

புளியோதரை யார் பையில்?

எங்கள் குழுவின் வழக்கம், ஆளுக்கு ஒரு பண்டம். கடையில் பொட்டலம் வாங்கக்கூடாது, பிளாஸ்டிக் வரக்கூடாது, மிச்சம் எதையும் குரங்குக்குப் போடக்கூடாது. என் பங்கு எப்போதும் புளியோதரை. முந்தின நாள் மாலையே புளிக்காய்ச்சலை இறக்கி வைத்து, இரவு பதினொரு மணிக்குச் சோறு வடித்து, தாம்பாளத்தில் பரப்பி நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்து, ஒரு மணிக்குக் கிளறி மூடினால் மறுநாள் மதியம் வரை கெடாது. ருசி கூடத்தான் செய்யும். ஒரு கிலோ அரிசிச் சோறு ஒரு தூக்குச்சட்டியில் அமுங்கி உட்கார்ந்திருந்தது. சட்டியோடு சேர்த்து மூன்றரைக் கிலோவுக்குக் குறையாது. அந்தப் பையன் காலையிலேயே “கொடுங்கள் அம்மா, நான் தூக்கிக்கொள்கிறேன்” என்று கேட்டான். “பரவாயில்லை தம்பி” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பரவாயில்லையில் பாதி வீம்பு. ஏற்கனவே பின்தங்குபவள், சுமையையும் கைமாற்றிவிட்டால் பிறகு நான் எதற்கு வந்தேன் என்று தோன்றிவிடும் அல்லவா.

கடைசியில் நடப்பவரோடு எப்போதும் ஒருவர் நடக்க வேண்டும் என்பது விதி. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன பிறகு, தேனி, திண்டுக்கல் மலைகளில் யாரும் நினைத்தபடி ஏறிவிட முடியாது. வனத்துறை அனுமதி, உள்ளூர் வழிகாட்டி, தலை எண்ணிக்கை எல்லாம் உண்டு. அன்று என்னோடு நடந்தவர் வெள்ளகவிக்காரர் ஒருவர். வயது என்னை ஒத்திருக்கும். கையில் ஒரு கம்பு, இடுப்பில் ஒரு அரிவாள். காலில் ரப்பர் செருப்பு. ஊருக்குப் போகும் மளிகை ஒரு சாக்கில், அது அவர் தலையில். அரிசி மூட்டையோடு இதே பாதையில் வாரம் இருமுறை இறங்குவாராம். என் வேகத்துக்கு நடப்பது அவருக்குப் பெரும் வேதனையாக இருந்திருக்க வேண்டும், காட்டிக்கொள்ளவில்லை. “அண்ணே, நீங்கள் வேண்டுமானால் முன்னால் போங்கள்” என்று ஒருமுறை சொன்னேன். “நான் முன்னால் போய் என்ன செய்ய?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். முப்பதடி தள்ளிப் புதருக்குள் ஒரு காட்டுமாடு நின்றிருந்தது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோன்ற கால்கள்தான் முதலில் தெரிந்தன. அது போகும்வரை அசையாமல் நின்றோம். நான்கு நிமிடம் இருக்கும். அன்று காலையில் எனக்குக் கிடைத்த ஒரே முழு ஓய்வு அந்தக் காட்டுமாடு கொடுத்ததுதான்.

வெள்ளகவிக்கு முந்தைய நிறுத்தத்தில் கேப்டனிடம் கேட்டேவிட்டேன். மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டால் என்ன? அவர் நியாயமான ஆள், யோசித்துத்தான் பதில் சொன்னார். போன வருடம் சிறுமலையில் விட்டுப் பார்த்தோமே அக்கா என்றார். உண்மைதான், நான் மறந்திருந்தேன். ஒற்றையடிப் பாதையில் முதல் ஆளாக நடந்தபோது பின்னால் இருந்த பதினேழு பேரின் மூச்சும் என் பிடரியில் பட்டுக்கொண்டே இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பின்னால் ஒருவர் இருமினால்கூட ‘கொஞ்சம் சீக்கிரம்’ என்று காதில் விழுந்தது. அரை மணி நேரத்தில் நானே பாதையை விட்டு ஒதுங்கி, ஷூ நாடா கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

செருப்பைக் கழற்றும் ஊர்

வெள்ளகவியில் யாரும் காலில் செருப்பு போடுவதில்லை. ஊரே கோயில், வாசல்தோறும் தெய்வம் என்பது அவர்கள் நம்பிக்கை. வெளியூர்க்காரர்களும் எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். நெருக்கிக் கட்டிய வீடுகள், நடுவே கல் பாவிய சந்துகள், முற்றத்தில் காயும் காப்பிப் பழம். மோட்டார் வண்டி வராத ஊர். சமையலுக்கு வேண்டியதெல்லாம் தலையிலும் குதிரை முதுகிலும்தான் வரும். நோயாளியைக் கம்பில் போர்வை கட்டிய டோலியில்தான் கொண்டுபோவார்கள். கொடைக்கானல் என்ற ஊர் உண்டாகுமுன்பே இது இருந்தது. 1821-இல் வார்டு என்ற ஆங்கிலேய நில அளவையாளர் இங்கே தங்கிக்கொண்டுதான் மேலே ஏறிப் பார்த்தார். அமெரிக்கப் பாதிரிமார்கள் மேலே முதல் வீடுகளைக் கட்டியது அதற்குப் பிறகு, 1845-இல். முதல் உலகப் போர்க் காலத்தில் மோட்டார் பாதை வரும்வரை, பெரியகுளம் பக்கத்திலிருந்து செண்பகனூருக்கு ஏறும் மலைப்பாதையில் துரைசானிகளை நாற்காலியில் வைத்து ஆட்கள் தூக்கிப் போனார்கள். அந்தப் பாதைக்கே கூலி காட், அதாவது கூலியாட்களின் மலைப்பாதை, என்று பெயர். அந்தப் பயணத்தில் எப்போது நிற்பது என்று யார் முடிவு செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நாற்காலியில் இருப்பவருக்கு அலுத்தால் நிற்குமா, தூக்குபவரின் தோள் கடுத்தால் நிற்குமா?

எல்லையில் உட்கார்ந்து பத்தொன்பது பேரும் ஷூவைக் கழற்றினோம். கணுக்கால்வரை மூடிய, மலைக்கென்றே வாங்கிய விலை உயர்ந்த ஷூக்கள். அவற்றுக்குள்ளிருந்து வெளிவந்த பாதங்களைப் பார்க்க வேண்டும். வெளுத்து, ஊறி, வெயிலையே பார்க்காத பாதங்கள். சந்துக்குள் நடக்கத் தொடங்கியதும் காலையிலிருந்து முன்னால் பறந்தவர்கள் எல்லோரும் சூடான தோசைக்கல்லில் மிதித்ததுபோல் தத்தித் தத்திப் போனார்கள். கூழாங்கல்லுக்கு ஒரு ‘ஸ்’, குதிரைச் சாணத்துக்கு ஒரு ‘ஐயோ’. நான் உசிலம்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் பன்னிரண்டு வயதுவரை செருப்பில்லாமல் அலைந்தவள். பாதத்துக்கு அது மறக்கவில்லை. ஊரின் மறுகோடிக்கு வழிகாட்டிக்கு அடுத்தபடியாக நான் போய்ச் சேர்ந்தேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் பதினெட்டுப் பேர் நடனமாடிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு உண்டான மகிழ்ச்சி நல்ல மனசுக்காரர்களுக்கு வரக்கூடியது அல்ல.

அந்தப் பையன் கடைசியாக வந்தான். நொண்டினான். காலையில் நாடாவைத் தளர்வாகக் கட்டியிருக்கிறான், இறக்கத்தில் பாதம் முன்னுக்குச் சறுக்கி, ஒவ்வொரு அடியிலும் விரல்கள் ஷூவின் மூக்கில் மோதியிருக்கின்றன. வலது கட்டைவிரல் நகம் கருநீலமாக, நாவற்பழத் தோல்போல் ஆகியிருந்தது. கழற்றிப் பார்க்கும்வரை அவனுக்கே தெரியவில்லை. கழற்றிய பிறகு, திரும்ப மாட்ட முடியவில்லை.

ஊருக்குக் கீழே ஓடை கடக்கும் இடத்தில் சாப்பாடு. அங்கே நான் போய்ச் சேர்வதற்குச் சற்றுத் தாமதமாயிற்று, ஒரு வீட்டுத் திண்ணையில் காப்பி கொடுத்தார்கள், மறுக்க மனமில்லை. போனபோது ஆச்சரியம்: யாரும் எழவில்லை. வாழையிலை விரித்து, எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மாதுளை போட்ட தயிர்சாதம், அப்பளம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, என்னை, இன்னும் சரியாகச் சொன்னால் என் தோளை, பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூக்குச்சட்டி இறங்கும்வரை ஒருவரும் கை வைக்கவில்லை. பாறை மேல் முதுகு சாய்த்து, கால் இரண்டையும் தண்ணீருக்குள் விட்டு, அரை மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்திருந்தேன். மூன்று பேர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். வறுத்த வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்ற பொறியாளரை நான் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டேன். சுமக்கிறவளுக்குத்தான் நிற்கிறார்கள் என்று அப்போது தோன்றியதைக் கசப்பாகச் சொல்லவில்லை. வயிறு நிறைந்திருந்தது, சட்டி காலியாகியிருந்தது.

அந்தப் புளியமரம்

இப்போது எழுத வந்ததைச் சொல்ல வேண்டும். இதுவரை எழுதியதை என் தோழி ஒருத்தியிடம் முன்பே சொல்லிப் புலம்பியிருக்கிறேன். அவளிடம் சொல்லாமல் விட்டது இது.

வெள்ளகவிக்குக் கீழே காப்பித் தோட்டமும் சில்வர் ஓக் மரங்களும் முடிந்து, வெயில் ஏறிய முள்காடு தொடங்குகிறது. சட்டி காலியானதால் என் தோளும் லேசு. காலை முழுவதும் வதைத்த முட்டி, சாப்பாட்டுக்குப் பிறகு என்னவோ சமாதானமாகிவிட்டது. பையன் ஷூவின் முன்பக்கம் இடிக்காதபடி துணி சுற்றிக்கொண்டு, பக்கவாட்டில் நண்டுபோல் இறங்கிவந்தான். வழிகாட்டி இப்போது அவனோடு. அன்றைய நாளில் முதல்முறையாக நான் கூட்டத்தின் நடுவில் இருந்தேன். நடுவில் நடப்பது எவ்வளவு சுகம் என்பதை நடுவில் நடப்பவர்கள் ஒருநாளும் அறியமாட்டார்கள். முன்னால் போகிறவர் பாதை காட்டுகிறார், பின்னால் வருகிறவர் துணை. தலையை நிமிர்த்திப் பார்க்க முடிகிறது. வானத்தில் பாம்புக்கழுகு ஒன்று வட்டமிட்டதை நானே முதலில் பார்த்துச் சொன்னேன்.

நான்கு மணி இருக்கும். பாதை திரும்பும் இடத்தில் ஒரு பெரிய புளியமரம், அடியில் வழவழப்பான வேர். உட்கார்ந்தோம். தண்ணீர் குடித்தேன். ஷூவைக் கழற்றி உதறி மறுபடி மாட்டினேன். முறுக்கு டப்பா ஒரு சுற்று வந்தது. கும்பக்கரைப் பக்கத்து மாந்தோப்புகள் கீழே பச்சைத் திட்டுகளாகத் தெரிந்தன. வேன் டிரைவர் சூடாகத் தேநீர் வாங்கி வைத்திருப்பாரா என்று பேச்சு ஓடியது. பதினைந்து நிமிடம், அதற்கும் மேலேயேகூட இருக்கலாம். அவன் வந்தான். கம்பை ஊன்றி, உதட்டைக் கடித்துக்கொண்டு, வழிகாட்டியின் கையைப் பிடித்து அந்தக் கடைசிக் கல்லை இறங்கினான். பையைத் தோளிலிருந்து கழற்றினான்.

நான் எழுந்தேன்.

யாரும் சொல்லவில்லை. கேப்டன் வாயே திறக்கவில்லை. எல்லோருக்கும் முன்பாக நான்தான் எழுந்தேன், முதுகுப்புறம் ஒட்டியிருந்த காய்ந்த புளிய இலைகளைத் தட்டிவிட்டேன், “வந்துவிட்டாயா தம்பி, உனக்காகத்தான் உட்கார்ந்திருந்தோம்” என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். இரண்டு பேர் என்னைப் பார்த்து எழுந்தார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்கள். பத்துப் பன்னிரண்டு அடி நடந்திருப்பேன், அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். அவன் கழற்றிய பையை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தான். பாட்டில் கையில், மூடி திறக்கவில்லை.

“நீ உட்கார்ந்துவிட்டு வா” என்று சத்தமாகச் சொன்னேன். “பரவாயில்லை அம்மா” என்றான்.

அந்தப் பரவாயில்லையைக் காலையிலிருந்து நான் நான்கு முறை சொல்லியிருந்தேன். அதற்குள் என்னென்ன இருக்கும் என்று அந்தக் கூட்டத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. தெரிந்தும் நான் திரும்பிப் போய் அந்த வேரில் உட்காரவில்லை. இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார், அது ஒரு காரணம். காலை முழுவதும் நின்றுபோயிருந்த என் கால்கள் அப்போதுதான் ஓட்டம் பிடித்திருந்தன, நிறுத்த மனமில்லை, அது இன்னொரு காரணம். எது பெரிய காரணம் என்பதைத்தான் இரண்டு மாதமாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலாவது என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் ஓய்வு எடுத்து முடித்த உடம்புக்கு அடுத்தவர் களைப்பு தெரிவதே இல்லை. அவன் வந்ததைப் பார்த்தபோது, ஓர் ஆள் வந்து சேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. காத்திருப்பது முடிந்தது என்றுதான் தோன்றியது. அவ்வளவு நேரமும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்த கண், அவன் வந்ததும் பாதையைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. காலையில் அந்தப் பதினெட்டுப் பேருக்கும் இதேதான் நடந்திருக்கும். அவர்கள் மேல் இருந்த கோபம் அந்தப் புளியமரத்தடியிலேயே போய்விட்டது. அது போன இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

கும்பக்கரையில் தேநீர் இருந்தது, ஆனால் ஆறிப்போயிருந்தது. வேனில் பின் இருக்கையில் அவன் காலை நீட்டித் தூங்கினான். என் காலித் தூக்குச்சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் பாதத்தை வைத்திருந்தான், நான்தான் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மதுரைவரை வாக்கியம் கோத்துக்கொண்டே வந்தேன். எதற்காகக் கேட்கிறேன் என்று விளக்குவதற்கே கால் மணி நேரம் ஆகும்போல் இருந்தது. கேட்கவில்லை. நகம் மூன்று வாரத்தில் விழுந்துவிட்டதாகவும் புதிது முளைக்கிறது என்றும் படத்தோடு குழுவில் போட்டிருந்தான். பொறியாளர் அதற்கு ஒரு வளர்ச்சி விகிதம் கணக்கிட்டுச் சொன்னார்.

போன வாரம் அடுத்த நடைக்கான பட்டியல் வந்தது. பெயர், தொலைபேசி எண், யார் என்ன கொண்டு வருகிறார்கள் என்ற வழக்கமான மூன்று கட்டங்கள். நான் திறந்து பார்ப்பதற்குள் ஒரே ஒரு பெயர் நிரப்பப்பட்டிருந்தது, அவன் பெயர். எதிரே ‘புளியோதரை’. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பெயருக்கு எதிரே ‘முறுக்கு’ என்று எழுதினேன். இரவு தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தான், ஒரு கிலோ அரிசிக்குப் புளி எவ்வளவு, பெருங்காயம் கட்டியா தூளா என்று கேட்டு.